சீசா கொண்டுவந்தால்தான் மருந்து

போன வருஷம் ஆடி பிறந்து சாரல் பிடித்திருந்த ஒரு காலை. குரங்கணிக்கு மேலே, ஏலத்தோட்டத்து ஆஸ்பத்திரியின் தாழ்வாரத்தில் குடையை மடக்கிக்கொண்டு நின்றிருந்தேன். ஆஸ்பத்திரி என்று பெயர்தான். ஓர் அறை, ஒரு ஜன்னல், உள்ளே ஒரு கம்பவுண்டர். திங்களும் வியாழனும் போடியிலிருந்து டாக்டர் ஜீப்பில் வருவார். மற்ற நாளெல்லாம் கம்பவுண்டர் ராஜ்ஜியம்.

ஜன்னல் முன்னால் பெண்கள் வரிசை. ஒவ்வொருத்தி கையிலும் ஒரு சீசா. ஒன்று தைலச் சீசா, ஒன்று மைச் சீசா, ஒன்றில் மண்ணெண்ணெய் வாடை எனக்கே அடித்தது. கம்பவுண்டர் பெரிய ஜாடியிலிருந்து இருமல் மிக்சரை அதில் ஊற்றி, காகிதத்தைப் பல் பல்லாக வெட்டிச் சீசாவின் முதுகில் ஒட்டித் தருவார். வேளைக்கு ஒரு பல். சீசா இல்லாமல் வந்த ஒருத்தியை, "சீசா கொண்டா, மருந்து தர்றேன்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். இடுப்பில் பிள்ளையோடு அவள் மழையில் இறங்கிப் போனாள்.

அந்த இடத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது. இந்த ஜன்னலைத் தாண்டிய பிறகு மருந்து என்ன ஆகிறது? யார் அளக்கிறார்கள், எதில் வைக்கிறார்கள், எத்தனை வேளை கொடுக்கிறார்கள்? இதை யாருமே எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. நான் எழுதினால் என்ன?

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குப் போடியில் ஏலக்காய்க் கடை. நான் மதுரையில் குழந்தை வளர்ச்சி பற்றி முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். ஆய்வுக்காக லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில், ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை எடை போடுவது, உயரம் அளப்பது, எப்போது நடந்தது, எப்போது பேசியது என்று கேட்டு எழுதுவது என் சோலி. தீப்பெட்டிகளைக் கொடுத்து எத்தனை அடுக்குகிறது என்றும் பார்ப்பேன். எல்லாரும் என்னை டீச்சர் என்றார்கள். டீச்சர் இல்லை என்று இரண்டு நாள் சொல்லிப் பார்த்தேன். அப்புறம் பிடித்துப்போய்விட்டது.

ஆய்வோடு நிற்காமல் சுகாதாரக் கல்வியும் சேர்த்துச் செய்துவிடலாம் என்று ஒரு வேகம். நல்ல சீசா இல்லாததுதானே பிரச்சினை? போடியில் பழைய சாமான் கடைக்குப் போனேன். அங்கே பழுப்பு நிறத்தில், ஒரே அளவில், மூடி கெடாத சீசாக்கள் ஒரு டஜன் கிடந்தன. லேபிள் ஏற்கெனவே உரிந்திருந்தது. பழுப்புச் சீசாவில் வெளிச்சம் பட்டு மருந்து கெடாது என்று புத்தகத்தில் படித்தவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டில் வெந்நீரும் சலவைச் சோடாவும் போட்டு நானே கழுவினேன். வெயிலில் கவிழ்த்துக் காய வைத்தேன். எந்த வீட்டுக்கு எந்தச் சீசா என்று நோட்டில் எழுதி, பன்னிரண்டு தாய்மார்களுக்குக் கொடுத்தேன்.

அடுத்த வேலை கம்பவுண்டரைக் கவனிப்பது.

அவர் ராசிங்காபுரத்துக்காரர். நாற்பது வயசிருக்கும். நான் கேட்ட எதற்கும் நேராகப் பதில் சொன்னதே இல்லை. ஜாடியில் என்ன கலக்கிறீர்கள் அண்ணே என்று கேட்டால், "ஏன் தங்கச்சி, கல்யாணத்துல விருந்துக்கு வைக்கப் போறியா?" என்பார். அளவு கிளாசைத் தொடவே மாட்டார், கண்ணளவுதான். ஜாடியில் மருந்து குறைந்தால் உள்ளே எடுத்துப் போவார், தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கும், நிறைந்து வரும். மருந்தை வெளியில் விற்றுவிட்டுத் தண்ணீரைக் கலக்கிறாரோ? ஜாடி மாற்றி ஊற்றுகிறாரோ? தனியாக ஒரு சின்ன நோட்டுப் போட்டேன். அவர் எத்தனை மணிக்கு உள்ளே போனார், எத்தனை மணிக்கு வந்தார், எந்த ஜாடி, என்ன நிறம். அவரும் விடவில்லை. என்னைக் கண்டாலே ஜன்னலில் பாதிக் கதவைச் சாத்திவிடுவார்.

நான் பார்த்துவந்த பிள்ளைகளில் ஒரு பெண் குழந்தை இருந்தது. இரண்டரை வயது. பேச்சு தாமதம். என் கண் முன்னால்தான் முதல் வார்த்தை வந்தது. அப்புறம் ஆறு தீப்பெட்டி அடுக்கிவிட்டுத் தானே கை தட்டிக்கொள்ளும். வரைபடத்தில் அதன் கோடு மேலே ஏறுவதைப் பார்த்து நானே பெற்ற மாதிரி பூரித்துக் கிடந்தேன். அதன் தாய் அதிகம் பேசமாட்டாள். நான் பிள்ளையைத் தராசில் வைக்கும்போதெல்லாம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை போனபோது அந்தப் பிள்ளை பாயில் துவண்டு கிடந்தது. வாயோரம் எச்சில் வழிந்துகொண்டே இருந்தது. அந்தக் குளிரில் உடம்பெல்லாம் வேர்வை. இரண்டு தடவை வாந்தி. தீப்பெட்டியைக் கையில் கொடுத்தேன். விரல் நடுங்கிக் கீழே விழுந்தது. என்ன கொடுத்தாய் என்று தாயைக் கேட்டேன். இருமலுக்குத் திங்கட்கிழமை மிக்சர் வாங்கியிருக்கிறாள். முதல் நாள் சாயங்காலம் ஒரு வேளை கொடுத்ததும் இப்படித்தான் ஆகி, ராத்திரி தெளிந்திருக்கிறது. காலையில் மறு வேளை கொடுத்தாள், மறுபடி இப்படி.

எனக்குச் சந்தேகமே இல்லை. கம்பவுண்டர் மாட்டிக்கொண்டார்.

உடனே போடிக்குத் தூக்கிப் போகலாம் என்றேன். அவள் அசையவில்லை. பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். ஒரு மணி நேரத்தில் வேர்வை நின்றது, கண் திறந்து தண்ணீர் கேட்டது. இனி ஒரு சொட்டு மருந்தும் கொடுக்காதே என்றேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அடுத்து நான் கேட்டது சீசாவை. சாட்சிக்கு வேண்டுமே. அவள் அதை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"சீசா எங்கிட்டயே இருக்கட்டும் டீச்சர்."

படிக்காதவள், இதன் முக்கியம் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன். வீட்டுக்கு வந்து இரண்டு பக்கம் புகார் எழுதினேன். வியாழக்கிழமை டாக்டர் வந்ததும் வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க அவர் கையில் கொடுத்தேன். ஒரு பிள்ளை சாகப் பிழைக்கக் கிடந்தது, காரணம் இந்த ஜாடி, காரணம் இந்த மனுஷர் என்று வாயாலும் சொன்னேன். டாக்டர் படித்தார். இது உண்மையானால் இன்றோடு உமக்கு வேலை இல்லை, போலீசுக்கும் போகும் என்றார் கம்பவுண்டரிடம்.

கம்பவுண்டருக்கு எப்போதும் வரும் கிண்டல் வரவில்லை. முகம் வெளுத்துவிட்டது. ஜாடியைத் தூக்கிவந்து, ஒரு கிளாஸ் நிறைய ஊற்றி, எங்கள் எல்லார் முன்னாலும் மடக் மடக்கென்று குடித்தார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அப்போதும் நான் நம்பவில்லை. ஜாடியை மாற்றியிருப்பார் என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து அந்தத் தாய் வந்து சேர்ந்தாள். இடுப்பில் பிள்ளை. தெம்பாக, மூக்கொழுக, கழுத்தைத் திருப்பித் திருப்பி எல்லாரையும் பார்த்துக்கொண்டு. இன்னொரு கையில் துணியில் சுற்றிய சீசா. எப்போது தேறியது என்று டாக்டர் கேட்டதற்கு அவள் சொன்ன பதிலை என்னால் முதலில் வாங்கிக்கொள்ளவே முடியவில்லை. செவ்வாய் சாயங்காலம் மறுபடி இங்கே வந்து அதே மிக்சரைத் தம்ளரில் வாங்கிப் போயிருக்கிறாள்.

"கண்ணு பட்டுருச்சோன்னு நெனச்சு திங்கக்கெழமையே மொளகா சுத்திப் போட்டேன். நிக்கல. மருந்து ஆகலையோன்னு தம்ளர்ல வாங்கி, மொதல்ல நான் குடிச்சேன். ஒண்ணும் ஆகல. அப்புறம் புள்ளைக்குக் கால் பாலாடை குடுத்தேன். பொறவு முழுசாக் குடுத்தேன். நேத்தெல்லாம் வெளாடுது. அப்ப மருந்து மேல பழியில்ல சாமி. சீசா மேலதான்."

டாக்டர் சீசாவை வாங்கி முகர்ந்தார். ஒன்றும் தெரியவில்லை என்று உதட்டைப் பிதுக்கினார். அவள் மூடியைக் கேட்டு வாங்கினாள். ஜாக்கெட்டில் குத்தியிருந்த ஊக்கை எடுத்து, மூடிக்குள் ஒட்டியிருந்த தக்கை வில்லையை நெம்பி எடுத்தாள். அதன் அடிப்பக்கம் எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது. டாக்டர் மூக்கருகே கொண்டுபோனவர் சட்டென்று கையை விலக்கினார். நான் நின்ற இடத்துக்கே வந்தது நெடி.

"ஏலச்செடியில இலைப்பேனுக்கு அடிக்கிற மருந்து. மூணு வருசமா அத கலக்குற டிரம்முக்குத் தண்ணி செமக்குறேன், எனக்குத் தெரியாதா?"

கழுவினேன், வெந்நீர் ஊற்றினேன், காய வைத்தேன். மூடியைக் கழற்றி அதன் உள்ளே பார்க்கவில்லை. சீசாவைக் குலுக்கும்போதெல்லாம் மிக்சர் அந்தத் தக்கையில் பட்டு விஷத்தோடு இறங்கியிருக்கிறது.

டாக்டர் கேட்டார்: "இந்தச் சீசா உனக்கு ஏதும்மா?"

அவள் என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். பார்த்துவிட்டுப் பிள்ளையின் மூக்கைத் துடைக்க ஆரம்பித்தாள். கம்பளி போர்த்திய பெண்கள் அத்தனை பேரும் நிற்கிறார்கள். கம்பவுண்டர் பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார். பேசாமல் இருந்திருந்தால் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை என்று இன்றும் சில சமயம் தோன்றும். ஆனால் நாக்கு தானாகவே சொல்லிவிட்டது.

"நான்தான் குடுத்தேன்."

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. முதலில் எழுந்தவர் கம்பவுண்டர். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை.

"மத்த சீசாவெல்லாம் எந்தெந்த வீட்ல இருக்கு தங்கச்சி? அத மொதல்ல சொல்லு."

கொடுத்தது மொத்தம் பன்னிரண்டு. இன்னும் பதினொன்று வெளியே இருக்கிறது.

நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு வீடு வீடாக ஓடினோம். நான், கம்பவுண்டர், பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அந்தத் தாய். வழியெல்லாம் அட்டை கடி. நடக்கும்போதே, செவ்வாய்க்கிழமை என்னிடம் ஏன் சீசாவைத் தரவில்லை என்று அவளிடம் கேட்டேன். ஒளிக்காமல் சொன்னாள். அவள் சந்தேகப்பட்டது கம்பவுண்டரை இல்லையாம், என்னை. மாசா மாசம் வந்து பிள்ளையை எடை போடுகிறாளே, ஆட்டை எடை போடுகிறவன் எதற்குப் போடுவான் என்று நினைத்தாளாம். கம்பவுண்டர் முன்னால் போனவர் திரும்பிப் பார்த்து, "தங்கச்சி, இதையும் நோட்ல எழுதிக்க" என்றார். அன்றைக்கு அவர் செய்த முதல் கிண்டல் அதுதான். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

ஒரு வீட்டில் சீசாவில் விளக்கெண்ணெய். ஒரு வீட்டில் பத்திரமாக அடுக்கில் கவிழ்த்து வைத்திருந்தார்கள், டீச்சர் கொடுத்தது என்று. கடைசி லயத்தில் ஒருத்தி கைக்குழந்தையை மடியில் கிடத்தி, பழுப்புச் சீசாவிலிருந்து பாலாடையில் மருந்தை ஊற்றிக்கொண்டிருந்தாள். எங்களோடு வந்த தாய் ஒரே எட்டில் போய் பாலாடையைத் தட்டிவிட்டாள். மூடியை நெம்பிப் பார்த்தோம். அதே பிசுக்கு. எல்லாம் சேர்த்து மூன்று சீசாவில் அப்படி இருந்தது. பன்னிரண்டையும் மூடியோடு கல்லில் உடைத்துக் குழி தோண்டிப் புதைத்தோம். கம்பவுண்டர்தான் தோண்டினார்.

என் புகாரை டாக்டர் என்னிடமே திருப்பித் தந்தார். ஜாடி மர்மத்தையும் அன்றைக்கே காட்டினார். டவுனிலிருந்து மருந்து கெட்டியாக வரும், காய்ச்சி ஆற வைத்த தண்ணீரை அளந்து கலப்பது கம்பவுண்டரின் வேலை. உள்ளே அதற்கென்று கோடு போட்ட பானை இருந்தது. கேட்டிருந்தால் காட்டியிருப்பேன் என்றார் கம்பவுண்டர். கேட்டேனே என்றேன். "நீ எங்க கேட்ட? போலீசுக்காரன் மாதிரில்ல வெசாரிச்ச?"

ஆய்வுக் கட்டுரையில் இதைச் சேர்க்க வேண்டாம், உன் பெயர் கெடும் என்று கூடப் படிக்கிறவர்கள் சொல்கிறார்கள். சேர்த்துவிட்டேன். சீசா வாங்கிய கடையிலிருந்து குழி வரைக்கும் முழுசாக. அந்தத் தாய் செய்த சோதனையையும் அவள் சொன்ன வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். கண்ணேறு, மருந்து, பாத்திரம் என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு வந்தாள். தான் குடித்துப் பார்த்த பிறகே பிள்ளைக்குக் கொடுத்தாள். நான் ஒருவரை முடிவு செய்துகொண்டு சாட்சி தேடியவள்.

தை முடிந்தால் செடிக்கு மருந்தடிக்கும் காலம் வந்துவிடும். அதற்குள் நானும் அந்தத் தாயும் எல்லா லயங்களுக்கும் போவதாக இருக்கிறோம். வீட்டில் இருக்கும் ஒவ்வொரு சீசாவின் மூடியையும் நெம்பி முகர்ந்து பார்ப்பது, அந்த வீட்டுக்காரிக்கும் முகர்ந்து பார்க்கச் சொல்லித் தருவது, இதுதான் திட்டம். வர அவள் ஒப்புக்கொண்டாள், ஒரே ஒரு நிபந்தனையோடு: டீச்சர் எழுதிக்கொண்டு வந்தால் போதும், பேச வேண்டியதை அவள் பேசிக்கொள்வாள். சரி என்றிருக்கிறேன். சந்தேகப்படுவதை நான் விட்டுவிடவில்லை. ஆனால் இனிமேல் பிள்ளைகள் வாய்க்குப் போகும் எதையும், அதை நீட்டுவது என் கையாக இருந்தால், அந்தக் கையிலிருந்துதான் சந்தேகத்தைத் தொடங்குவேன்.