வேனுக்குள் முதலில் ஏறியவன்

ஆசிரியர்களுக்கான தலைமைப் பண்புப் பயிற்சியை முடித்த மறுவாரமே, எங்கள் கல்லூரி மாணவிகளைப் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றுக்குச் சேவை முகாமுக்காக அழைத்துப் போனேன். அன்று மீன்பிடி எல்லைத் தகராறில் அந்தக் குப்பத்தாரும் பக்கத்துக் குப்பத்தாரும் துடுப்பும் கத்தியுமாக மோதிக்கொண்டார்கள். ஒருவரின் காது அறுந்து தொங்கியதைக் கண்டதும் நான் ஓடிப்போய் வேனுக்குள் ஏறிவிட்டேன்.

கல்லூரி உதவியாளர் ஸ்டெல்லாம்மாதான் வெளியே நின்று, "குனிஞ்சிக்கினே ஏறுங்கம்மா" என்று ஒவ்வொருத்தியையும் உள்ளே தள்ளினார். கடைசிப் பெண் ஏறும்போது பறந்து வந்த கல் அவர் நெற்றியைப் பிளந்தது.

பொன்னேரி மருத்துவமனையில், "மன்னிச்சிடுங்கம்மா, பயந்துட்டேன்" என்றேன்.

"நானுந்தான் சார் பயந்தேன். பொண்ணுங்க அத்தினி பேரும் வந்துட்டாங்களா? எண்ணிப் பாத்தீங்களா?"

அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. வராந்தாவுக்குப் போய் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டேன். எல்லோரும் இருந்தார்கள்.

பயந்ததற்காக நான் இப்போது வெட்கப்படுவதில்லை. எண்ணாமல் விட்டதற்குத்தான் வெட்கப்படுகிறேன்.