இடித்த சுவரும் என் பேர்போன சாம்பாரும்

எனக்குச் சமைக்கத் தெரியாது. அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே தெரியாது. வெந்நீர் வைப்பேன். முட்டை அவிப்பேன், அதிலும் இரண்டுக்கு ஒன்று வெடித்துப் போகும். ஆனால் யாங்கோனில் எங்கள் கோயில் பக்கம் போய், சாம்பாருக்குப் பேர்போன வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். தாமுவேயில் மூன்றாம் மாடியில் இருக்கும் என் வீட்டைத்தான் கைகாட்டுவார்கள். இருபத்தாறு வருஷம் அந்தப் பேரைக் கட்டிக் காத்தேன். எனக்குத் துணை நின்றது ஒரு செங்கல் சுவர்.

இந்த ஊர் மாடி வீடுகள் ரயில் பெட்டி மாதிரி நீளமாக இருக்கும். தெருப்பக்கம் கூடம், கூடத்தின் கோடியில் சாப்பாட்டு மேசை, அதற்குப் பின்னால் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் சமையல்கட்டு. வந்தவர்கள் மேசையோடு சரி, அதைத் தாண்ட மாட்டார்கள். உள்ளே என் புருஷன் லோஞ்சிக் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஆக்குவார். நான் குழாயடியில் நெற்றியை லேசாக நனைத்துக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்தவள் மாதிரி குண்டானைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவேன். அந்த நடிப்பில் எனக்கு நிகர் யாரும் இல்லை.

அவர் பர்மாக்காரர். பேட்டரியும் இன்வெர்ட்டரும் பழுது பார்க்கிறவர். வாலிப வயசில் அவர் வேலை பார்த்த பட்டறைக்கு எதிரே ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடை இருந்தது. வருஷக்கணக்கில் மத்தியானச் சாப்பாடு அங்கேதான். சாம்பாரை நாக்காலேயே பாடம் படித்த மனுஷன். நான் அவரை 'கோக்கோ' என்றுதான் கூப்பிடுவேன். பர்மியப் பேச்சில் அண்ணனையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், புருஷனையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கல்யாணமான புதிதில் இதைக் கேட்ட என் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அம்மா மட்டுமா? பர்மாக்காரரைக் கட்டினேன் என்று கோயில் சனம் முழுக்க முகத்தைத் திருப்பிக்கொண்டது. எட்டு மாசம் யாரும் வாசற்படி மிதிக்கவில்லை. பிறகு ஒரு பொங்கலுக்கு, பார்த்துவிட்டுப் போவோமே என்று நாலு பெண்கள் வந்தார்கள். நான் எவ்வளவு சீரழிந்திருக்கிறேன் என்று பார்க்கத்தான், வேறென்ன. கோக்கோ உள்ளே சாம்பார் வைத்தார். நான் கொண்டுவந்து ஊற்றினேன். அப்போதே நாட்டாமைக் குரலோடு இருந்த ஓர் அக்கா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "பர்மாக்காரரைக் கட்டினாலும் கைப்பக்குவம் மாறலையே" என்றார். அடுத்த வாரமே கோயிலில் எனக்குக் கோலம் போட இடம் கிடைத்தது. அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் வாயை மூடினேன். மூடின வாயைத் திறக்க வழியே இல்லாமல் வருஷங்கள் ஓடிவிட்டன. கோக்கோவும் ஒரு நாள்கூட, சமைத்தது தான்தான் என்று சொன்னதில்லை.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த பொய்க்குத்தான் போன வருஷம் வினை வந்தது. கோக்கோ செல்போனில் வீடு வீடாக மற்றவர்களின் அடுப்படியைப் பார்க்க ஆரம்பித்தார். பேங்காக்கில் ஒரு அடுப்படி, சிங்கப்பூரில் ஒரு அடுப்படி. எல்லாம் வெள்ளை. எதிலும் சமைத்த அடையாளமே இல்லை, ஒரு கிண்ணத்தில் மூன்று எலுமிச்சம்பழம் மட்டும் இருக்கும். ஒரு நாள், "இந்தச் சுவரை இடிச்சிடலாம், இப்ப எல்லாரும் திறந்த சமையல்கட்டுதான் வெக்கறாங்க" என்றார். ஏன் என்று கேட்டால் "காத்து வரட்டும்" என்றார். நாலு வருஷமாக ஒரே செருப்பைத் தைத்துத் தைத்துப் போடுகிற மனுஷனுக்கு இப்படி ஒரு ஆசை வந்ததே என்று எனக்கு ஆச்சரியம். அதைவிடப் பெரிய பயம். சுவர் போனால் அடுப்படியில் நிற்பது யாரென்று ஊருக்கே தெரியுமே. பேர் போனால் போகட்டும் என்று சொல்லலாம். ஆனால் அந்தப் பேரை வைத்துத்தானே அவர்கள் என்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள்? மறுபடி ஒரு எட்டு மாசத்தைத் தாங்கும் வயசு எனக்கு இல்லை. இதை அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. சொல்லவில்லை. சுவர் இரண்டே நாளில் மூட்டை மூட்டையாகப் படியிறங்கிப் போனது.

வடிவமைக்க வந்தவள் ஒரு பர்மியப் பெண். கெட்டிக்காரிதான், சமைக்கிற வீட்டைத்தான் அவள் பார்த்ததில்லை. நடுவில் 'ஐலண்ட்' என்று ஒரு தனி மேடை வேண்டும் என்றாள். பன்னிரண்டடி அகல வீட்டில் தீவு வைத்தால் மனுஷர் பக்கவாட்டில்தான் நடக்க வேண்டும், நண்டு மாதிரி. வைத்தாள். மேலே பால் வெள்ளையில் கல் பதித்தாள். மஞ்சள்தூள் புழங்குகிற வீடம்மா இது என்றேன், துடைத்தால் போய்விடும் என்றாள். அலமாரிக்குக் கைப்பிடி கிடையாது, அதுதான் இப்போது நாகரிகமாம். அமுக்கினால் திறக்கும். என் இடுப்பு பட்டாலும் திறக்கும். நான் ஒரு தடவை அடுப்படியைக் கடந்தால் நாலு கதவு திறந்து என்னை வழியனுப்பும். பிறகு தலைக்கு மேலே மூன்று தொங்கு விளக்கு, உட்கார்ந்தால் கால் தரையில் படாத உயர ஸ்டூல். லோஞ்சி கட்டினவர் அதில் ஏறி உட்காரும் அழகைச் சிங்கப்பூர்க்காரர்கள் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் போதாதென்று கரி அடுப்பைப் பின்பக்க வராந்தாவுக்குத் துரத்திவிட்டுக் கல்லிலேயே ஒரு மின்சார அடுப்பைப் பதித்தாள். மின்சாரம் முறைவைத்து வந்துபோகிற ஊரில் மின்சார அடுப்பு. இன்வெர்ட்டர் அதை இழுக்காது என்று கோக்கோவுக்குத் தெரியாதா? அவருக்குச் சோறு போடுகிற தொழிலே அதுதானே. ஆனாலும் தலையாட்டினார். ஆசை வெட்கமறியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

புது அடுப்படிச் செய்தி கோயிலுக்கு எட்டியது. நான் சொன்ன அந்த அக்காதான் இப்போது மாதர் சங்கத் தலைவி. போன் போட்டார். "ஞாயித்துக்கிழமை நாங்க அஞ்சு பேர் வந்து பால் காய்ச்சறோம். அப்படியே சாப்பாடு. நீ சாம்பார் வெக்கறதை இந்தத் தடவை பக்கத்துல நின்னு பாக்கணும். அதுல ஒரு வாசம் இருக்கே, எனக்கு மட்டும் பிடிபடவே மாட்டேங்குது."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒத்திகை. பருப்பையும் காயையும் அவர் முன்னாலேயே வேகவைத்துவிடுவார். நான் எல்லார் கண்ணெதிரிலும் புளி கரைத்து ஊற்றிக் கொதிக்கவிட்டு, பருப்பைச் சேர்த்துத் தாளிக்க வேண்டியது. அவர் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து சாடை காட்டுவார். காதைத் தொட்டால் உப்பு, மூக்கைத் தொட்டால் பெருங்காயம், தலையைச் சொறிந்தால் சூட்டைக் குறை. கொசு கடித்து அவர் காதைச் சொறிந்ததில் ஒரே நாளில் இரண்டு முறை உப்பு விழுந்தது. அந்தச் சாம்பாரை நாங்களே மூன்று வேளை சாப்பிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேரும் பட்டுப்புடவையில் வந்தார்கள். வாசலில் கோக்கோவைப் பார்த்துத் தலைவியக்கா வழக்கம்போல 'நேகௌன்லா' என்று பர்மியத்தில் சௌக்கியம் விசாரித்தார். இருபத்தாறு வருஷமாக அவருக்கென்று வைத்திருந்தது அந்த ஒரே வார்த்தைதான். என்னிடம் பேசும்போதுகூட 'உங்க வீட்டு பர்மாக்காரர்' என்றுதான் சொல்வார். பால் பொங்கியது. வெள்ளைக் கல்லைத் தடவிப் பார்த்தார்கள். ஒருத்தி அலமாரியில் சாய்ந்து, கதவு திறந்து, பயந்தாள். பிறகு எல்லாரும் என்னைச் சுற்றி நின்றார்கள். புளி கரைத்து ஊற்றினேன். கோக்கோ காதைத் தொட்டார், உப்பு போட்டேன். என்னையே எனக்குப் பிடித்துப்போகும் அளவுக்கு நன்றாகத்தான் போனது.

பதினொன்றேகாலுக்கு மின்சாரம் போனது. ஒரு மணிவரை இருக்க வேண்டிய முறை. அடுப்பு ஒரு தடவை கூவிவிட்டு அணைந்தது. புளியின் பச்சை வாசம் இன்னும் போகவில்லை. கையில் கரண்டியோடு நிற்கிறேன். அடுத்து என்ன செய்வது? இதற்கு ஒத்திகை பார்க்கவில்லையே. கோக்கோவைப் பார்த்தேன். அவர் எந்தச் சாடையும் காட்டாமல் ஸ்டூலிலிருந்து குதித்தார்.

வராந்தாவிலிருந்து கரி அடுப்பைக் கொண்டுவந்து ஜன்னலோரம் தரையில் வைத்து மூட்டினார். புதுப் பாத்திரத்தில் இருந்ததைப் பழைய குண்டானில் கவிழ்த்தார். என் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டு குந்தி உட்கார்ந்தார். புளி கொதித்து அடங்கியதும் பருப்பைச் சேர்த்தார். ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கினார். அப்புறம் ஒரு தகர டப்பாவைத் திறந்து வறுத்த கடலைமாவில் ஒரு ஸ்பூன் கரைத்து ஊற்றினார். மொகிங்கா என்கிற மீன்குழம்பு கெட்டியாக இந்த ஊர்க்காரர்கள் போடுகிற அதே மாவு. மணம் கிளம்பியது. தலைவியக்கா தேடிக்கொண்டிருந்த வாசம் அதுதான். நெய்யில் கடுகு வெடித்தது, கருவேப்பிலை விழுந்தது, குண்டான் வெள்ளைக் கல்லுக்கு வந்தது. என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

சாப்பிட உட்கார்ந்ததும் தலைவியக்கா ஒரு வாய் எடுத்து, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "பரவாயில்லையேம்மா. உங்க வீட்டு பர்மாக்காரரையே எவ்வளவு நல்லாப் பழக்கி வெச்சிருக்கே."

மற்ற நாலு பேரும் ஆமாம் போட்டார்கள். "கத்துக்கொடுத்த கை அப்படி" என்றாள் ஒருத்தி. பாருங்கள் அநியாயத்தை. சுவரை இடித்து, அடுப்பை நடுவில் வைத்து, அவர்கள் கண்ணெதிரிலேயே அவர் சமைத்து ஊற்றுகிறார். அப்போதும் பேர் எனக்கே வருகிறது. நான் தப்பித்துவிட்டேன். ஒரு சிரிப்பு சிரித்தால் போதும்.

சிரிக்கத்தான் போனேன். அப்போது கோக்கோவைப் பார்த்துவிட்டேன். கல்லில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, வாய் லேசாகத் திறந்தபடி, சாப்பிடுகிறவர்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருத்தி கண்ணை மூடி விரலைச் சூப்பினாள். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். இத்தனை வருஷமாக அவர் சுவருக்குப் பின்னாலிருந்து தட்டுச் சத்தத்தை மட்டும்தானே கேட்டிருக்கிறார். இதைப் பார்க்கத்தான் சுவரை இடித்திருக்கிறார். எனக்கு அழுகை முட்டியது, அவமானமாகவும் இருந்தது.

"நான் பழக்கலக்கா" என்றேன். "எனக்குச் சமைக்கவே தெரியாது. முதல் பொங்கலுக்கு நீங்க சாப்பிட்டதிலிருந்து இன்னிக்கு வரைக்கும் எல்லாம் இவர் வெச்ச சாம்பார்தான். உங்களுக்குப் பிடிபடாத வாசம் இந்த மாவு. எங்கம்மா வீட்டுப் பக்குவம் இல்ல, இவர் ஊர்ப் பக்குவம்."

தட்டில் கைகள் நின்றுவிட்டன. தலைவியக்கா வாயில் இருந்ததை மென்று, முழுங்கி, தண்ணீர் குடித்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். அதன் கணக்கை அவர் என்றைக்காவது தீர்ப்பார், எனக்குத் தெரியும். பிறகு என்னை விட்டுவிட்டுத் திரும்பித் தட்டைக் கோக்கோ பக்கம் நீட்டினார்.

"மாப்பிள்ளை, இங்க இன்னும் ஒரு கரண்டி ஊத்துங்க."

அவருக்கு அந்தச் சொல் புரியவில்லை. என்னைப் பார்த்தார். "உங்களைத்தான்" என்று பர்மியத்தில் சொன்னேன். அவர் மூன்று கரண்டி ஊற்றினார். ஒரு கரண்டி கல்லில் சிந்தியது.

அவர்கள் போன பிறகு அந்த மஞ்சள் கறையைத் துணிபோட்டுத் தேய்த்தபடி, "அந்த அக்கா என்னை என்னன்னு கூப்பிட்டாங்க?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுப் பொண்ணைக் கட்டினவர்னு அர்த்தம்" என்றேன்.

அவர் குனிந்து தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"கறை போய் ரொம்ப நேரமாச்சு, கோக்கோ" என்றேன். அவர் நிமிரவே இல்லை.