மாமியின் தண்ணீர்க் கூலி

மாமி கேட்ட கூலியைக் கெடுத்தவன் நான். தெரிந்தே பொய் சொன்னேன். அப்போது எனக்குப் பத்து வயது.

உலக யுத்தத்தின்போது, யாழ்ப்பாணக் கடலில் இருந்த எங்கள் சின்னத் தீவில் வெள்ளைக்காரப் பட்டாளம் வானிலை பார்க்க ஒரு முகாம் அமைத்தது. தினமும் காலையில் பலூன் விட்டுக் காற்றைப் பார்ப்பார்கள். குடிக்கவும், பலூனுக்கு வாயு உண்டாக்கவும் நல்ல தண்ணீர் வேண்டும். கிணறோ தீவின் மறுகரையில். பெண்கள் குடத்தில் சுமந்தார்கள். அவர்களைச் சேர்த்துக் கொடுத்தவர் அப்பா. எல்லாருடைய கூலியும் அவர் கையில்தான் வரும். அவர் பெண்களுக்குக் காசுக்குப் பதிலாக அரிசியும் மண்ணெண்ணெயும் கொடுத்தார்.

அப்பாவின் தங்கையான மாமி, புருஷனை இழந்தவர், ஒருநாள் குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு மணலில் உட்கார்ந்துவிட்டார். மற்றப் பெண்களும் நின்றுவிட்டார்கள். அன்று பலூன் எழவில்லை.

முகாம் துரை வந்தார். மிஷன் பள்ளியில் இங்கிலீஷ் படிப்பவன் என்று என்னை முன்னே தள்ளினார்கள்.

“சுமந்தது என்ர தலை. காசை என்ர கையில தரச் சொல்லடா” என்றார் மாமி.

“சுகமில்லையெண்டு சொல்லு” என்று அப்பா என் காதில் சொன்னார்.

சொன்னேன். துரை இரக்கப்பட்டு மாத்திரை கொடுத்தார். மாமி அதை மணலில் கொட்டிவிட்டு, அவர் முகத்துக்கு நேரே வெறுங்கையை நீட்டினார். இன்னும் மாத்திரை கேட்கிறார் என்றேன். அந்தக் கையில் துரை இன்னொரு பொட்டலத்தை வைத்தார்.

மறுநாள் மற்றப் பெண்கள் குடம் தூக்கினார்கள். மாமி தூக்கவேயில்லை. அப்பாவின் அரிசியும் வேண்டாமென்று மகளோடு வள்ளமேறிப் போய்விட்டார். அப்பா எனக்கு ஒரு பிஸ்கட் டின் தந்தார். என் இங்கிலீஷுக்குக் கிடைத்த பரிசு என்று நினைத்தேன்.

நான் கிழவனாகி, ஊரில் உள்நாட்டுச் சண்டையும் ஓய்ந்து இரண்டு வருடம் கழித்து, மாமியின் மகளான என் மச்சாள் நான் குடியேறிய வெளிநாட்டு நகரத்திலேயே, பக்கத்து லிட்கமில் தன் பேத்தியோடு இருப்பதாக அறிந்து, ஹோம்புஷில் இருந்த என் வீட்டிலிருந்து காசு உறையுடன் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

“இது உங்கட பங்கோ அத்தான், மாமாட பங்கோ?” என்றாள் மச்சாள். “மாமா பாதிக் காசை எடுத்தது தீவுக்கே தெரியும். உங்களுக்குத்தான் பிஸ்கட்.”

பிறகு, தமிழ் அரைகுறையாக விளங்கும் பேத்தியைக் கூப்பிட்டாள்.

“அம்மா கேட்டதை இவளுக்கு இங்கிலீஷில சொல்லுங்கோ. இந்தமுறை ஒழுங்காச் சொல்லுங்கோ.”

சொன்னேன். பிள்ளை கையிலிருந்த போனைக் கீழே வைத்தது.

“ஸோ, டிட் ஷி கெட் பெய்ட்?”

“நோ” என்றேன்.

மச்சாள் உறையை என் சட்டைப்பையில் செருகினாள்.

“இருங்கோ, தேத்தண்ணி போடுறன். இனிக் காசைப் பற்றிக் கதைச்சால், வாசல் அந்தா.”