நாற்பத்தொன்றாம் ஷாட்டின் நடுக்கம்

அந்தப் படப்பிடிப்புக் கூடத்தில் பொம்மைகளை நகர்த்திப் படமெடுக்கும் அந்த அம்மாவுக்கு ‘நிதானம்’ என்று பெயர். பொம்மையின் விரலை மயிரிழை நகர்த்தி, விலகி நின்று, ஒரு படம். மறுபடி நகர்த்தி, மறுபடி ஒரு படம். இருபத்து நான்கு படங்கள் சேர்ந்தால் திரையில் ஒரே ஒரு வினாடி. பத்தொன்பது ஆண்டுகளில் அவர் கை தவறியதில்லை. ஷாட்டுக்கு ஷாட் அவர் எழுதிய பதிவேட்டில் ஓர் அடித்தல்கூடக் கிடையாது.

இப்போது படமாகிக்கொண்டிருந்தது குழந்தைகளுக்கான ஓர் இருண்ட நாவல். கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும் பிள்ளைகளின் நிழலைப் பிடுங்கித் தின்கிறாள் கிணற்றுக்காரி. தம்பியின் நிழலை மீட்க ஒரு சிறுமி கிணற்றுக்குள் இறங்குகிறாள். நாற்பத்தொன்றாம் ஷாட்டில் கிணற்றுக்காரியின் கை சிறுமியின் தோளை நோக்கி நீள வேண்டும். ஆறு நாள் உழைப்பை ஓட்டிப் பார்த்தபோது அந்த விரல்கள் வெடவெடவென்று நடுங்கின.

நான்கு மாதங்களாகக் காலையில் டம்ளரைப் பிடிக்கும்போது தன் வலக்கை ஆடுவதை நிதானம் வீட்டில்கூடச் சொல்லவில்லை. பதிவேட்டில் ‘காரணம்’ என்ற கட்டத்தில் எழுதினார்: விளக்கு அசைந்தது.

பழி விளக்குக்காரர் தலையில் விடிந்தது. வெள்ளிக்கிழமையோடு நின்றுகொள்ளும்படி இயக்குநர் சொல்லிவிட்டார்.

அன்று மதியம், வயர்களைச் சுருட்டியபடி அவர் நிதானத்தின் அருகே வந்து நின்றார்.

“அக்கா, விளக்கு அசைஞ்சா பின்னால கிணத்துச் சுவருல விழுற வெளிச்சம் பூரா சேர்ந்து அசையும். அந்த ஷாட்டுல சுவரு கல்லாட்டம் நிக்குது. விரல் மட்டும்தான் ஆடுது.”

“தெரிஞ்சும் ஏம்ப்பா வாய மூடிக்கிட்டு இருந்தே?”

“டைரக்டர்கிட்ட சொன்னேனே. ‘நிதானம் எழுதினா கல்வெட்டு, நீ உன் வேலையப் பாரு’ன்னாரு. பாக்கிறதுக்கு வேலைதான் இல்ல.”

நிதானம் பதிவேட்டை எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனார். ஷாட்டை ஓட்டச் சொன்னார்.

“விரலப் பாக்காதீங்க தம்பி, சுவரப் பாருங்க.”

மூன்று முறை ஓடியது. பிறகு நிதானம் தன் வலக்கையை அவர் முன் நீட்டினார். இயக்குநர் அந்தக் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை விளக்குக்காரர் வேலைக்கு வந்தார். ‘அக்கா’ என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்தியிருந்தார். நிதானத்தைப் பொம்மைகளுக்குத் தூசி தட்டும் மேசைக்கு மாற்றியிருந்தார்கள்.

ஆனால் தயாரிப்பாளர் அந்த ஷாட்டைப் பார்த்து மிரண்டு போனார். கிணற்றுக்காரியின் கை படம் முழுக்க அப்படியே நடுங்க வேண்டும் என்று முடிவாயிற்று. அடுத்த வாரம், நிதானத்தின் இடத்துக்கு வந்திருந்த பெண், கையில் கேமராவும் பதிவேடுமாகத் தூசி மேசைக்கு வந்தாள்.

“தப்பா நெனைக்காதீங்கக்கா. என்ன பண்ணாலும் எனக்கு அந்த நடுக்கம் வரமாட்டேங்குது. வினாடிக்கு எத்தனை தடவைன்னு எண்ணிக்கணும்.”

நிதானம் தூரிகையைக் கீழே வைத்தார். வலக்கையை மேசைமேல், வெளிச்சத்தில் நீட்டினார்.

“எண்ணிக்கோம்மா. ‘காரணம்’கிற கட்டத்துல விளக்குன்னு மட்டும் எழுதிடாதே.”