கை தூக்கிக் கலைத்த ஊர்

"கிராமசபைக் கூட்டம், 30.11.2013, சனிக்கிழமை, பிற்பகல் 1.30. விடயம்: பக்கத்துக் கிராமசபையுடன் இணைதல். விருந்தினர் தனியே அமர்வர்."

சிவநேசன் அண்ணை தனக்கு வந்த அழைப்பைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். கீழே ஒரு வரி: "வாரும், தனியப் போக மனமில்லை."

காலை 10.40க்கு நான் குடியிருக்கும் ஓஸ்டர்முண்டிகனில் ரயில் ஏறினேன். பேர்க்டோர்ஃபில் மஞ்சள் தபால் பஸ். கடைசித் தரிப்புகளில் நான் மட்டுமே பயணி. அண்ணையின் ஊரான ஹின்டர்மாட்டில் யாரைப் பார்க்கப் போகிறேன் என்று சாரதி கேட்டார். விடுதிச் சமையல்காரர் சிவநேசனை என்றேன். விடுதி மூடிவிட்டது என்றார். அந்த மனிதர் இப்போது பட்டணத்தில் வேலை செய்கிறார், காலை முதல் பஸ்ஸில் பெரும்பாலும் அவர் ஒருவரே என்றும் சொன்னார்.

அப்படியும் அண்ணை ஊரை விட்டுப் போகவில்லை. சுவிஸ் கடவுச்சீட்டில் பிறந்த இடம் எழுதப்படுவதில்லை. குடியுரிமை தந்த ஊரின் பெயரே இருக்கும். அவருடையதில் பிறந்த ஊரான சுழிபுரம் இல்லை, ஹின்டர்மாட் இருக்கிறது. இணைப்பு நிறைவேறினால் அதுவும் போய்விடலாம்.

கூட்டம் மூடிய பாடசாலையின் உடற்பயிற்சி மண்டபத்தில் நடந்தது. என் கை தவறுதலாக எண்ணப்படாதிருக்க, சுவரோரம் தனி வாங்கில் இருத்தினார்கள். சபைத் தேர்தலில் நிற்க ஊரில் ஆளில்லை, அதனால்தான் இணைப்பு என்றார் தலைவர். பால் கறக்கும் நேரத்துக்குமுன் முடிக்கவேண்டும் என்றும் சொன்னார்.

கேள்வி உண்டா என்றபோது அண்ணை மட்டும் எழுந்தார். எங்கள் கடவுச்சீட்டில் ஊரின் பெயர் என்னாகும் என்று அவர்களின் பேச்சுமொழியிலேயே கேட்டார். புதிய பெயர் வரும் என்றார் எழுதுவினைஞர். பின்வரிசை விவசாயி ஒருவர், ஊர்ப் பெயருக்குக் கவலைப்பட ஒருவர்தான் இருக்கிறார், அவரையும் ஊர்க்காரராக்கியது நாங்கள்தான் என்றார். மண்டபம் சிரித்தது. அண்ணையும் சிரித்தார்.

இணைப்பு நிறைவேறியது. எதிராக எழுந்த கைகள் ஒரு வரிசைக்கும் போதாது. அண்ணையின் கை கடைசியாக இறங்கியது.

வெளியே சேற்றுப் பனி. அண்ணை பஸ் தரிப்புவரை கூட வந்தார். பிறகு சொன்னார்:

"எனக்குக் குடியுரிமை தந்து ஊருக்குள்ள எடுக்கேக்க, வெளியில நிக்கச் சொல்லிப்போட்டுத்தான் கை தூக்கினவை. ஆர் தூக்கினது, ஆர் தூக்கேல்லை எண்டு தெரியாது. அதால இவ்வளவு வருசமும் எல்லாருக்கும் ஒரேமாதிரி வணக்கம் சொல்லிக்கொண்டு திரிஞ்சன்."

"இண்டைக்கு?"

"இண்டைக்கு உள்ளுக்கு இருந்து பாத்தன். எல்லாற்ற கையும்."

பஸ் வந்தது. நான் ஏறினேன். விவசாயியின் டிராக்டர் கடந்து போனபோது அண்ணை வழக்கம்போலக் கை காட்டினார்.

ஓஸ்டர்முண்டிகனில் என் மாடியில் குடியிருப்பவர்களின் பெயர்கள் எனக்குத் தெரியாது. அங்கே யாரும் எனக்காகக் கை தூக்கியதும் இல்லை.

விண்ணப்பித்தால் கடவுச்சீட்டில் புதிய பெயருக்குப் பக்கத்தில் பழைய ஊரின் பெயரை அடைப்புக்குறிக்குள் வைத்திருக்கலாம் என்று கூட்டம் கலையும்போது ஒரு பெண்மணி அண்ணையிடம் சொன்னாராம். கை தூக்கி ஊருக்குள் எடுக்கப்பட்டவர்களுக்கும் அது பொருந்துமா என்பதை இன்றுவரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.