நீலக்கோட்டு டாக்டரம்மா

மதுரையில் வந்து இறங்கிவிட்டால் ஐரின் ஞானமுத்துவுக்குக் காளவாசல் தள்ளுவண்டியில் ஒரு டம்ளர் பருத்திப்பால் உள்ளே போயாக வேண்டும். கக்கத்தில் சுருட்டிய செயற்கைக்கோள் படத்தை இடுக்கிக்கொண்டு ஊதி ஊதிக் குடிப்பார். பெங்களூரில் விண்வெளி நிறுவனத்தின் பயன்பாட்டு ஆய்வுப் பிரிவுக்கே அவர்தான் தலைவர் என்று சொன்னால் வண்டிக்காரன் கண்ணுச்சாமியே நம்பமாட்டான்.

"ராக்கெட்டு எப்ப விடுறீங்க யக்கா?"

"நான் ராக்கெட்டு விடுறவ இல்லப்பா. அது மேல போயி அனுப்புற படத்தப் பாக்குறவ."

"அப்ப மழையாச்சும் உண்டா?"

"அது வேற டிபார்ட்மெண்ட்டு!"

ஐம்பதைத் தாண்டியவர். பசுமலைப் பள்ளிக்கூட வாத்தியார் மகள். படத்தோடு பேசுகிற பழக்கம் உண்டு. திருப்பரங்குன்றம் மலை அதில் நகக்கண் அளவுக்குத் தெரியும். தடவிப் பார்த்து, "இந்தா இருக்கான் நம்மாளு" என்பார். வறண்ட கண்மாய் கண்ணில் பட்டால் திட்டுதான்: "அம்புட்டுத் தண்ணியையும் எங்கடி கொண்டுபோயிப் போட்ட?" டாக்டர் என்று பேருக்கு முன்னால் இருப்பதால், கிராமத்துக்குள் போனால் கிழவிகள் முழங்காலை நீட்டிவிடுவார்கள். நான் அந்த டாக்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்து, இப்போது கைப்பையில் வலித் தைலமே வைத்திருக்கிறார்.

இந்தப் பக்கத்தில் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஒரு வரைபடம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், செயற்கைக்கோள் படத்தை வைத்துப் பூமிக்கு அடியில் பாறை எங்கே வெடித்திருக்கிறது என்று பார்த்து, அந்த வெடிப்பில்தான் தண்ணீர் நிற்கும் என்று நீலக்கோடு போட்டார். கோடு பொய்க்கவில்லை. போட்ட ஆழ்குழாயெல்லாம் பீய்ச்சி அடித்தது. கடலைக்காடெல்லாம் கரும்பும் வாழையுமாக மாறிப்போனது. முனியாண்டி கோயில் பொங்கலில் முதல் இலை இந்த வேதக்கார அம்மாளுக்குத்தான் என்றார்கள்.

பாழாய்ப்போன அந்தக் கோடு பொய்த்திருந்தால் தேவலை. அவன் முந்தி, இவன் முந்தி என்று அதன் மேலேயே துளை போட்டு உறிஞ்சினார்கள். இப்போது, இந்த 2003 கோடையில், ஆயிரம் அடி போனாலும் தண்ணீருக்குப் பதில் வெறும் பாறைத்தூள் புகைதான் வருகிறது. மழையும் கைவிட்டு மூன்று வருஷம் ஆயிற்று.

"எடத்தக் காட்டுனவ நான்தானேப்பா," என்றார் ஜீப்பில் போகும்போது.

"உறிஞ்சிக் குடிச்சது நாங்கம்மா. நீங்க என்ன செய்வீங்க?" என்றான் ஓட்டுநர் மருது. அந்த ஆறுதல் அவருக்குள் இறங்கவில்லை.

அன்றைக்கு அவரை வரச்சொல்லியிருந்தவர் திருப்பரங்குன்றத்துக்குத் தெற்கே காடு வைத்திருக்கும் முத்திருளன். ஜீப்பை ரோட்டிலேயே விட்டு, தரிசைக் குறுக்கே கடந்து போனால், அங்கே ஆழ்துளை போடும் திருச்செங்கோட்டுப் போர் வண்டி ஏற்கெனவே வந்து நிற்கிறது. முன்னால் போட்ட இரண்டு குழாய் புகைந்து போயிற்று. நிலத்தை ஈடு வைத்து மூன்றாவதற்கு ஆளைக் கூப்பிட்டுவிட்டார் மனுஷன். இதுவும் புகைந்தால் நிலமும் கையை விட்டுப் போய்விடும்.

ஐரின் வரப்பில் குந்திப் படத்தை விரித்தார். பார்க்க என்ன இருக்கிறது? பெங்களூரிலேயே பார்த்தாயிற்று.

"இல்லண்ணே. கீழ சொட்டுத் தண்ணி இல்ல. வண்டியத் திருப்பி அனுப்பிருங்க."

"அன்னைக்கு இருந்துச்சுல்ல?"

"அன்னைக்கு இருந்துச்சு. இப்ப இல்ல. நெலத்தையாச்சும் காப்பாத்துங்க."

"தண்ணியில்லாத நெலத்த வச்சு மண்ணத் திங்கவா?" என்றார் முத்திருளன்.

அவர் மனைவி சோணையம்மாள் அழவில்லை, அழுதிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். "பக்கத்துக் காட்டுக்காரனுக்கு மட்டும் காட்டுனீங்க. நாங்க என்ன பாவம் பண்ணோம்?" என்று கேட்டாள்.

ஐரின் படத்திலிருந்து நிமிர்ந்தார். ஒளித்து வைத்துக்கொண்டு இல்லையென்கிறேன் என்றல்லவா நினைக்கிறார்கள்! எந்தப் படத்தை விரித்து இவர்களை நம்ப வைப்பது? படத்தைச் சுருட்டிக்கொண்டு ஜீப்பைப் பார்த்து நடந்தார்.

பின்னாலேயே காலடிச் சத்தம். திரும்பினால், கையில் கடப்பாரையோடு முத்திருளன். கண் இரண்டும் ஐரினின் பாதத்தின் மேல்.

"நீங்க வாயால சொல்ல வேணாம் தாயி. போற வழியில செத்த நில்லுங்க, போதும். நீங்க எங்கிட்டு நிக்கிறீங்களோ அங்கனயே போட்டுக்கிறேன்."

வண்டி ஆட்களும் எழுந்து வந்துவிட்டார்கள். ஐரின் நடையை எட்டிப் போட்டார். எப்படியும் எங்கேயாவது ஒரு துளை போடத்தான் போகிறார்கள். அது அவருக்கும் தெரியும். ஆனால் இன்னொரு தடவை இடத்தைக் காட்டியவள் அவராக இருக்கக் கூடாது.

பாதித் தரிசு கூடக் கடக்கவில்லை. சீமைக்கருவேல முள் ஒன்று செருப்பைத் துளைத்துக் குதிகாலில் ஏறியது. "ஐயோ ஆண்டவரே!" என்று அலறிவிட்டார்.

"இங்கனயாம்மா?" முத்திருளன் கடப்பாரையை ஓங்கிவிட்டார்.

ஐரின் குனியவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, முள் ஏறிய காலையே அழுத்தி ஊன்றி, அடுத்த அடியை எடுத்து வைத்தார்.