ஐஸ் அறையில் இருந்த ஓட்டை

குருநகரில் மீன் விற்கும் ஸ்ரெல்லா தன்னைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வசனம் வைத்திருக்கிறாள். "எனக்கு வாய் பெரிசு. மூளை அதுக்குள்ளை விழுந்து துலைஞ்சு போச்சு." சும்மா சொல்வதில்லை. வீட்டுக் கோடியில் நிற்கும் ஐஸ் அறைதான் அதற்குச் சாட்சி.

அறை என்றால் குனிந்துதான் நுழையலாம், நிமிர்ந்தால் தலை இடிக்கும். கரண்ட் பில்லுக்குப் பயந்து பெரிய பிறிட்ஜ் வாங்காதவள், கரண்டே இல்லாமல் ஐஸைக் காப்பாற்றும் அறை ஒன்றைப் பற்றிச் மீனவர் சங்கத்து வகுப்பில் கேட்டு வந்தாள். இரட்டைச் சுவர். நடுவில் மீன் வரும் வெள்ளை நுரைப் பெட்டிகளை, றெஜிபோம் பெட்டிகளை, உடைத்து நெருக்கி அடுக்க வேண்டும். கதவைச் சுற்றிப் பழைய பிறிட்ஜின் றப்பர். மேலே வெயில் படாமல் தென்னோலைக் கிடுகு. காற்று ஊசி அளவும் போகக்கூடாது என்று, மேசன் வேலை செய்யும் கணவன் றோய் பூசிய இடத்தையே திரும்ப உடைத்துப் பூச வைத்தாள்.

"இது ஐசுக்குக் கட்டுறமோ, மாதாவுக்குக் கட்டுறமோ?" என்றான் றோய்.

"மாதா உருக மாட்டா. நீங்கள் வடிவாப் பூசுங்கோ."

முதற் சோதனையே பெரிதாக வந்தது. சனிக்கிழமை வாங்கிய இறால், திங்கள் காலை அரியாலையில் ஒரு விருந்து வீட்டுக்குப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஐஸ் லொறி வராது. "என்ரை அறையிலை ஐஸ் அசையாமல் கிடக்கும்" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். இறால் பழுதானால் சந்தையில் இனி யார் அவளை நம்புவார்கள்?

ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலிலேயே அவளுடைய வாய் திறந்துவிட்டது. பிறகு, கூடவே வீட்டுக்கு வந்தவர்களுக்கு அறைக் கதவும் திறந்தது. "கையை உள்ளை வையுங்கோ, ஏசி போட்ட நகைக்கடை மாதிரி இல்லையோ?" பார்த்துப் போனவர்கள் மச்சானையும் மருமகனையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார்கள். மத்தியானம் பார்த்தால் ஐஸ் பாதியாய் இளைத்துக் கிடந்தது.

"இஞ்சேருங்கோ, உங்கடை சுவரிலை ஓட்டை!"

றோய் உள்ளே போய்க் குந்தி, கதவைச் சாத்தச் சொன்னான். வெளியே கொளுத்தும் வெயில். ஒரு கீறல் இருந்தாலும் உள்ளே வெளிச்சம் விழ வேண்டும்.

"ஏதும் தெரியுதோ?" என்று அவள் கத்தினாள்.

"கண்ணைத் திறந்திருக்கிறனோ எண்டதே தெரியேல்லை" என்று உள்ளேயிருந்து கேட்டும் கேட்காமலும் பதில் வந்தது.

அந்த நேரம் பார்த்து அயல்வீட்டு லவீனா தன் மாமியாரோடு வந்தாள். "ஸ்ரெல்லாக்கா, மாமிக்கும் ஒருக்காத் திறந்து காட்டுங்கோவன்."

ஸ்ரெல்லாவின் கை தன்பாட்டில் கொளுக்கிக்குப் போனது. கதவு திறக்க, குளிரெல்லாம் மாமியின் முகத்தில் போய் விழுந்தது. ஐசுக்குப் பக்கத்தில் குந்தியிருந்த றோய் நிமிர்ந்து பார்த்தான்.

"ஓட்டை பிடிபட்டுட்டுது. கவுண் போட்டுக்கொண்டு கதவடியிலை நிக்குது."

ஸ்ரெல்லாவின் முகம் கறுத்தது. பிறகு அவளே சிரித்துவிட்டாள். ஊசி நுழையாத சுவர் கேட்டவள் ஊரையே நுழைய விட்டிருக்கிறாள்.

பூட்டுப் போட்டு, திறப்பை லவீனாவின் கையில் திணித்தாள். "நான் அழுது கேட்டாலும் தராதையடி." பின்னேரமே போய்க் கேட்டாள். "ஐஸ் கிடக்கோ எண்டு மட்டும் ஒருக்கா…"

"போங்கோ அக்கா! உங்களைக் காணாதபடியாலைதான் கிடக்குது."

திங்கள் காலை இறாலின் மேல் கொஞ்சம் ஐஸ் மிச்சம் இருந்தது. ஸ்ரெல்லா கூடப் புளுகக் கூச்சப்படும் அளவுதான். ஆனால் இறால் விறைப்பாகவே இருந்தது. விருந்து வீட்டார் ஒன்றைக்கூடத் திருப்பவில்லை.

இப்போதும் அறையைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். ஸ்ரெல்லா கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டு, "சுவரைத் தொட்டுப் பாருங்கோ" என்கிறாள்.

"ஒரு குளிரும் தெரியேல்லையே!"

"அதுதான் அதின்ரை கெட்டித்தனம். என்னை மாதிரி இல்லை. உள்ளை இருக்கிறதை வெளியிலை சொல்லாது."